நான்கு தடங்கள்

1950ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள். அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், புதிதாய்க் கட்டி முடிக்கப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் வாயிலிலே ஒரு மனிதர் வந்து நிற்கிறார். உடன் பதினொரு சிறுவர் சிறுமியர். பள்ளியின் பெயர் ஜான் ஃபிலிப் சூசா நடுநிலைப் பள்ளி. பளபளக்கும் புதுக் கட்டடம். பிள்ளைகள் இல்லாத வெற்று வகுப்பறைகளும் அதிலே உண்டு. "இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார் அவர். "முடியாது" என்கிறார் தலைமையாசிரியர். காரணம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பிள்ளைகள் கறுப்பர்கள், பள்ளி வெள்ளையருக்கானது.

அழைத்து வந்தவர் பெயர் கார்ட்னர் பிஷப். வழக்கறிஞர் அல்லர், நாடறிந்த தலைவரும் அல்லர். முடிதிருத்தும் தொழிலாளி! ஆம், தோழர்களே, கத்தியும் சீப்பும் பிடித்த கைதான் அன்று அந்தப் பதினொரு பிஞ்சுகளைப் பிடித்து அழைத்துச் சென்றது. தம் மகள் படித்த கறுப்பர் பள்ளியிலே இடமில்லை. ஒரே கட்டடத்தில் இருவேளையாகப் பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். பொறுத்துப் பார்த்த பிஷப், அந்தப் பகுதிப் பெற்றோரைத் திரட்டினார்; 1947இல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலைநிறுத்தமே நடத்திக் காட்டினார். கற்றவர்களும் வசதி படைத்தவர்களும் மாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருந்த ஊரிலே, தெருவில் இறங்கியவர் இவர்.

சூசா பள்ளியின் கதவு சாத்தப்பட்டதும் வழக்கு எழுந்தது. ஹோவர்டு பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் நாப்ரிட் முன்வந்தார்; ஒரு நிபந்தனையோடு. "கறுப்பருக்கும் இதே போல நல்ல கட்டடம் கொடு என்று கேட்கமாட்டேன், பிரித்து வைப்பதே தவறு என்றுதான் வாதாடுவேன்" என்பது அவர் நிலை. பிஷப் இசைந்தார். அந்த வழக்கிலே 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து, தலைநகரப் பள்ளிகளிலே நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தனர். உலகறிந்த பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்த அதே நாள். பிரவுன் வழக்கைப் பேசுவோர் பலர். அதனருகே படுத்திருக்கும் இந்தத் தலைநகர வழக்கையும், அதற்கு வித்தான முடிதிருத்துபவரையும் நினைப்போர் சிலரே.

கதவு திறந்தது. அந்த ஆண்டே கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே வாயில் வழியே நுழைந்தனர். கதை இங்கே முடிந்திருந்தால், இக்கட்டுரைக்குத் தேவையே இல்லை.

அடுத்த ஆண்டு, 1955இல், நகர் முழுவதற்கும் பொதுத் தேர்வுகள் நடத்தப்பட்டன. கறுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் தாழ்ந்திருந்தது. தாழாமல் என்ன செய்யும்? நெருக்கடியிலே, அரைவேளைப் பள்ளியிலே, பழம் புத்தகத்திலே படித்த பிள்ளைகள்! நேற்றுவரை பட்டினி போட்டுவிட்டு, இன்று எடை பார்த்து, "ஐயோ, இளைத்திருக்கிறானே, இவன் உடற்கட்டே இவ்வளவுதான் போலும்" என்று சொல்வது போன்றதொரு கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் மேல்தான் ஒரு மாளிகை எழுப்பப்பட்டது. 1956இல் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1959இல் கீழ்வகுப்புகள் வரை இறங்கியது அந்த ஏற்பாடு. 'தட முறை' என்று பெயர்.

மாணவர்களைத் திறமைப்படி பிரிப்பார்கள். மீத்திறன் பெற்ற பிள்ளைகளுக்கு மேன்மைத் தடம். கல்லூரிக்குப் போகக்கூடியவர்களுக்கு ஒழுங்குத் தடம். பள்ளி முடித்ததும் ஏதேனும் ஒரு வேலைக்குப் போகவேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குப் பொதுத் தடம். மந்தமானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு அடிப்படைத் தடம். உயர்நிலைப் பள்ளியிலே இந்த நான்கு. கீழ்வகுப்புகளிலே ஒழுங்குத் தடம் நீங்கலாக மூன்று. 'அடிப்படை' என்ற பெயர் கசந்ததோ என்னவோ, பின்னர் அதற்குத் 'தனிக் கல்வித் தடம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றினால் பிணி தீரும் என்று நம்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

இந்த முறையை வகுத்தவர் கார்ல் ஹான்சன். பின்னர் நகரப் பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளரானவர். அவரைக் கொடியவர் என்று நான் எழுதமாட்டேன். நிறப் பிரிவினை ஒழிந்ததை வரவேற்று நூல் எழுதியவர் அவர். பிள்ளைகளுக்கு எழுத்தொலி முறையிலே படிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று பாடுபட்டவர். அவரவர் தரத்துக்கேற்ற பாடம் கிடைத்தால் நன்மைதானே என்று மெய்யாகவே நம்பியவர். தீங்கு எப்போதும் கோரைப்பல்லோடுதான் வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். அது புன்னகையோடும் வரும், அட்டவணையோடும் வரும், அறிவியலின் ஆடை உடுத்தியும் வரும்.

அந்த ஆடையைச் சற்றே விலக்கிப் பார்ப்போம். பிள்ளையின் அறிவை அளக்கும் கோல் எங்கே செய்யப்பட்டது? பிரான்சு நாட்டிலே. 1904இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சு, பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளுக்கு உதவுவது எப்படி என்று ஆராயக் குழு அமைத்தது. அதில் இருந்தவர் ஆல்ஃபிரெட் பினே. அடுத்த ஆண்டு, தம் துணைவர் சிமோனுடன் சேர்ந்து, சின்னச் சின்ன வினாக்களால் ஆன ஒரு தேர்வை அவர் ஆக்கினார். எவனை ஒதுக்கலாம் என்பதற்காக அன்று. எவனுக்குக் கை கொடுக்கலாம் என்பதற்காக! 'அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைத்தது. அதைக் கூட்டவே முடியாது' என்று பேசியோரை 1909இல் தம் நூலிலே கடுமையாகச் சாடினார். உடலுக்குப் பயிற்சி இருப்பது போல உள்ளத்துக்கும் பயிற்சி உண்டு என்றார். 1911இல் அவர் மறைந்தார். கோல் கடல் கடந்தது. கோலோடு போகவேண்டிய எச்சரிக்கை கரையிலேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவிலே அந்தக் கோலைப் பற்றிக்கொண்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து லூயி டெர்மன். 1916இல் அதனைத் திருத்தி வெளியிட்டார். 'நுண்ணறிவு ஈவு' என்ற எண் வீட்டுக்கு வீடு புகழ்பெற்றது அவராலேதான். அவர் அதே ஆண்டு வெளியிட்ட நூலிலே என்ன எழுதினார் தெரியுமா? மெக்சிகோ வழியினரிடமும் கறுப்பரிடமும் காணப்படும் மந்தம் இனத்தோடு பிறந்தது. அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் பிரித்து வைக்கவேண்டும் என்று எழுதினார். எண்ணிப் பாருங்கள். தலைநகரத்தின் நான்கு தடங்கள் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே அவற்றின் திட்டம் அச்சாகிவிட்டது! இனம் என்ற சொல்லை அழித்துவிட்டுத் திறமை என்ற சொல்லை எழுதியதுதான் பின்னால் வந்தவர்கள் செய்த திருத்தம்.

டெர்மன் மற்றொரு செயலும் செய்தார். 1921இல் கலிபோர்னியாவிலே மேதைக் குழந்தைகளைத் தேடிப் புறப்பட்டார். ஒவ்வொரு வகுப்பிலும் அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகள் யார் என்று ஆசிரியர்களைக் கேட்பது. அவர்கள் காட்டும் பிள்ளைகளைச் சோதிப்பது. ஈவு உயர்ந்திருந்தால் ஏட்டிலே பதிந்து, ஆயுள் முழுவதும் தொடர்ந்து கவனிப்பது. ஏறத்தாழ 1,500 பேர் ஏட்டிலே ஏறினர். ஆசிரியரின் கண்ணுக்கு யார் தெரிவார்? வெளுத்த சட்டை தெரியும். வீட்டிலே கற்ற நாகரிகப் பேச்சு தெரியும். சோதனைக்கு முன்பே சலிப்பு முடிந்துவிட்டது.

அந்தச் சோதனையிலே 'போதாது' என்று தள்ளப்பட்ட சிறுவர்கள் இருவரைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். ஒருவர் வில்லியம் ஷாக்லி. 1956இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றார். மற்றவர் லூயி ஆல்வாரெஸ். 1968இல் அதே பரிசைப் பெற்றார். ஏட்டிலே ஏறிய 1,500 மேதைகளில் ஒருவருக்கேனும் நோபல் கிடைத்ததா என்றால், இல்லை! இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. அளவுகோலால் தள்ளப்பட்ட அதே ஷாக்லி, பிற்காலத்தில் அதே அளவுகோலைக் கையில் ஏந்திக்கொண்டு, கறுப்பர் பிறவியிலேயே அறிவு குறைந்தவர் என்று மேடை மேடையாய்ப் பேசித் திரிந்தார். தம்மை மறுத்த வாயிலுக்கே காவலாளி ஆனார். உதாரணம் தேடி நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை.

கோல் சில வேளைகளில் தன்னை அறியாமலே உண்மையும் பேசியது. சிகாகோ நகரிலே மார்ட்டின் ஜென்கின்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர், பால் விட்டி என்ற பேராசிரியரோடு சேர்ந்து, 1935இல் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். கறுப்பினத்துச் சிறுமி, வயது ஒன்பது, நுண்ணறிவு ஈவு 200. டெர்மனின் திருத்தம் பெற்ற அதே கோலால் அளந்த எண்! அளந்தவர்களின் நம்பிக்கை அசைந்ததா? அசையவில்லை. நம்பிக்கை வாழுமிடத்திலே சான்று வாடகைக்குக்கூடக் குடியிருக்க முடியாது.

மீண்டும் வாஷிங்டனுக்கு வருவோம். ஜூலியஸ் ஹாப்சன் என்றொரு தந்தை. அலபாமா மாநிலத்திலே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் வானூர்தி ஓட்டியவர். பொருளியல் கற்று, அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையிலே புள்ளிவிவரம் பார்க்கும் பணியில் இருந்தவர். வீட்டருகே பள்ளி இருந்தும், அது வெள்ளையர் பள்ளி ஆதலால், அதனைத் தாண்டி நெடுந்தொலைவு தம் மகனை அழைத்துச் சென்றபோதுதான் அவருடைய போராட்ட வாழ்வு தொடங்கியது. கடைகளின் முன்னே மறியல், வேலை மறுப்புக்கு எதிராய் மறியல், வீடு மறுப்புக்கு எதிராய் மறியல் என்று மறியலே தொழிலாய் இருந்தார் பல ஆண்டுகள்.

அவர் போக்கைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். கறுப்பர் வாழும் சேரிகளிலே எலித் தொல்லை. மாநகராட்சி எலி ஒழிப்புக்கு ஆளனுப்பவில்லை. 1964இல் ஹாப்சன் எலிகளைப் பிடித்துக் கூண்டிலே அடைத்து, காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு, செல்வர் வாழும் ஜார்ஜ்டவுன் தெருக்களிலே உலா வந்தார். "எங்கள் பகுதிக்கு ஆள் வராவிட்டால், இவை உங்கள் பகுதிக்கு வரும்" என்று அறிவித்தார்! கையிருப்பில் இருந்தவை சில எலிகளே. ஊரோ ஓராயிரம் எலி வருவதாய் நடுங்கியது. எலி ஒழிப்போர் சேரிக்கு வந்து சேர்ந்தனர். பகுத்தறிவாளர் கைகொட்டிச் சிரிக்கலாம். சிரித்தபின் அதிலுள்ள கணக்கையும் பார்க்கலாம்.

அந்தக் கணக்காளர்தான் 1966 ஜனவரியில் நீதிமன்றம் ஏறினார், தம் சார்பிலும், தம் பிள்ளைகள் இருவர் சார்பிலும். எதிரி, ஹான்சனும் கல்வி வாரியமும். வழக்கறிஞர், வில்லியம் கன்ஸ்ட்லர். மற்றொரு தந்தையாய் இருந்தால் எப்படி முறையிட்டிருப்பார்? "என் பிள்ளை கெட்டிக்காரன், தேர்விலே ஏதோ பிழை நேர்ந்துவிட்டது, மேன்மைத் தடத்திலே ஓரிடம் கொடுங்கள்" என்று கேட்டிருப்பார். கொடுத்தும் இருப்பார்கள். ஒரு பிள்ளை மேலே போயிருக்கும். தடங்கள் நான்கும் அப்படியே கிடந்திருக்கும். ஹாப்சன் அப்படிக் கேட்கவில்லை. "என் பிள்ளை எந்தத் தடம் என்பதல்ல வழக்கு, தடம் போட்டது யார், எதை வைத்து, எவர் செலவில் என்பதே வழக்கு" என்பதுதான் அவர் தொடுத்த வழக்கின் பொருள். கையிலே வாரியத்தின் சொந்த ஏடுகளிலிருந்தே திரட்டிய எண்கள்!

நீதிபதி ஸ்கெல்லி ரைட். நியூ ஆர்லியன்சிலே 1960இல் பள்ளிப் பிரிவினையை உடைத்து, தம் ஊராரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு தலைநகர் வந்தவர். அவர் முன்னே எண்கள் ஒவ்வொன்றாய்ப் பேசின.

பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்போது கறுப்பர். கறுப்பர் நிறைந்த தொடக்கப் பள்ளிகளில் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுச் செலவு 292 டாலர். வெள்ளையர் நிறைந்த பள்ளிகளில் 392 டாலர். நேர்க்கோடாய் நூறு டாலர் வேறுபாடு! கிழக்கே கறுப்பர் பள்ளிகளில் உட்கார இடமில்லை. மேற்கே, ராக் கிரீக் பூங்காவுக்கு அப்பால், வெள்ளையர் பள்ளிகளில் இருக்கைகள் காலி. ஒரு வட்டாரத்தின் வருமானம் ஏற ஏற, அங்குள்ள பிள்ளைகளின் தடமும் ஏறியது. அறிவு என்ன, வாடகை ரசீதைப் பார்த்துக்கொண்டா பிறக்கிறது? வறியோர் வட்டாரத்துப் பள்ளிகள் சிலவற்றில் மேன்மைத் தடம் திறக்கப்படவே இல்லை. ஓரிடத்துக்குப் போக வண்டியே விடாமல், அவ்வூர்க்காரனுக்குப் பயணத்தில் விருப்பமில்லை என்று எழுதி வைத்ததற்கு ஒப்பாகும் இது.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சைக் குடைந்த எண் வேறு. கண்டனம் வலுத்ததும், 1965இல் ஹான்சனே ஓர் ஏற்பாடு செய்தார்: அடித்தடத்தில் இருப்போரையும், அதிலே சேர்க்கப்பட இருப்போரையும் உளவியலறிஞர்கள் நேரில் சோதிக்கவேண்டும் என்று. 1,272 பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர். அவர்களில் 820 பேர் அந்தத் தடத்துக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. மூவரில் இருவர்! நீதிமன்றத்துக் கூண்டிலே ஒருவனை நிறுத்தித் தவறாய்த் தண்டித்தால், மேல்முறையீடு உண்டு. மறு விசாரணை உண்டு. இந்த எண்ணூற்றிருபது பேருக்கும் எவரும் தீர்ப்பைப் படித்துக் காட்டவில்லை. வகுப்பறை மாறியது, அவ்வளவே. அவர்களும் தாம் மந்தம் என்றே நம்பியிருப்பார்கள். ஆசிரியரே சொல்லும்போது எந்தப் பிள்ளைதான் நம்பாது?

இங்கே ஒரு சொல் என்னைப் பற்றி. நான் ஆசிரியன். எங்கள் பள்ளியிலும் 'மீத்திறன் மாணவர்' உண்டு. 'மெல்லக் கற்போர்' உண்டு. பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, காலாண்டுத் தேர்வு முடிந்ததும், மதிப்பெண்ணைப் பார்த்து என் வகுப்பை இரண்டு பக்கமாய்ப் பிரித்து உட்காரவைத்தேன். கற்பிக்க எளிது என்று எண்ணினேன். மறுவாரம் ஒரு தாய் வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். கையிலே சுண்ணாம்பு காய்ந்திருந்தது. "ஏன் சார், எம் புள்ளைய அந்தப் பக்கம் உட்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். 'அந்தப் பக்கம்' என்ற சொல்லை நான் வகுப்பிலே சொன்னதே இல்லை. பிள்ளைகளே வைத்துக்கொண்ட பெயர் அது. மறுமொழி சொல்லத் தெரியாமல் மதிப்பெண் பட்டியலை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த மாலையே இருக்கைகளை மாற்றிவிட்டேன். ஆனால் அன்றுமுதல் நான் எண்ணுவது வந்த அந்தத் தாயைப் பற்றியன்று. அந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தனர். வந்தவர் ஒருவர்.

1967ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ரைட் தீர்ப்பளித்தார். அச்சிலே நூறு பக்கத்துக்கு மேற்பட்ட தீர்ப்பு. பிள்ளைகளைப் பிரிக்கப் பயன்பட்ட தேர்வுகள் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வகுப்புப் பிள்ளைகளை அளவாக வைத்து ஆக்கப்பட்டவை. ஏழைக் கறுப்புப் பிள்ளையின் பிறவித் திறனை அவை அளக்கவில்லை, அவனுக்குக் கிடைத்த வாய்ப்பையே அளந்தன. ஆகவே திறமைப் பிரிவு என்ற பெயரில் நடந்தது வகுப்பையும் நிறத்தையும் கொண்ட பிரிவே என்று கண்டார் அவர். தட முறை ஒழிக்கப்படவேண்டும். நெருக்கடிப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பினால் மேற்கே காலியாய்க் கிடக்கும் பள்ளிகளுக்கு வண்டியேற்றி அனுப்பவேண்டும். ஆசிரியர்களையும் நிறம் கலந்து அமர்த்தவேண்டும் என்று ஆணையிட்டார்.

இனி மேல்முறையீட்டுப் படலம். மேல்முறையீடு செய்வதில்லை என்று கல்வி வாரியம் ஜூலை முதல் நாள் முடிவெடுத்தது. கண்காணிப்பாளரும் செய்யக்கூடாது என்றது. ஹான்சன் பதவியை உதறினார். வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் தனியே மேல்முறையீட்டுக்குப் போனார். அவரோடு வந்து சேர்ந்தவர்கள் யார்? பெற்றோர்! இருபது பெற்றோர், தீர்ப்பு கூடாது என்று வழக்கிலே நுழைந்தனர். அவர்களும் தம் பிள்ளைகளுக்காகவே வந்தனர். அவர்கள் குரலையும் கேட்கவேண்டும் என்று மேல்நீதிமன்றம் இடம் கொடுத்தது, சரியே. கேட்டபின், 1969 ஜனவரியில், ரைட்டின் தீர்ப்பைப் பெரிதும் உறுதி செய்தது. திறமைக்கேற்பக் குழு பிரிப்பதே எந்நாளும் கூடாது என்று அது சொல்லவில்லை. அங்கே அன்று இருந்த அந்தத் தட முறைக்கே தடை என்று விளக்கியது. இந்த விளக்கத்தை நம்மவர் சிலர் பின்வாங்கல் என்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை கற்கும் வேகம் வேறுபடுவதை எந்த ஆசிரியனும் மறுக்கமாட்டான். வேகத்தைக் கண்டு உதவுவது வேறு. வேகத்தை விதியாக்கிப் பூட்டுவது வேறு.

தட முறை வீழ்ந்ததும் தலைநகரப் பள்ளிகள் பொன்மயமாயின என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பணப் பங்கீட்டிலே அநீதி தொடர்ந்தது. ஹாப்சன் மீண்டும் எண்களோடு நீதிமன்றம் ஏறினார். 1971இல் அதே ரைட், ஆசிரியர் சம்பளச் செலவு பள்ளிக்குப் பள்ளி நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று விதித்தார். இடையே, 1968இல் நகர மக்கள் முதன்முறையாய்க் கல்வி வாரியத்தைத் தேர்ந்தெடுத்தபோது ஹாப்சனைத் தேர்ந்தெடுத்தனர். மறு ஆண்டே தோற்கடித்தும் விட்டனர். 1977இல் அவர் மறைந்தார்.

அந்த வழக்கின் வழியே வேறு வழக்குகள் வந்தன. சான்ஃபிரான்சிஸ்கோவிலே கறுப்பினப் பெற்றோர் 1971இல் தொடுத்த வழக்கு அவற்றிலே பெரிது. பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பர் நூற்றுக்கு 28.5, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பிலே நூற்றுக்கு 66! அந்தப் பிள்ளைகளைக் கறுப்பின உளவியலறிஞர்கள் மறுபடி சோதித்தபோது, எல்லைக்கோட்டுக்கு மேலே நின்றனர். 1979இல் நீதிபதி பெக்கம், அத்தகைய வகுப்பிலே கறுப்புப் பிள்ளைகளைத் தள்ள நுண்ணறிவுத் தேர்வைப் பயன்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே சிகாகோவில் வேறொரு நீதிபதி, தேர்வு வினாக்களை ஒவ்வொன்றாய்ப் படித்துப் பார்த்துவிட்டு, பெரிய குற்றமில்லை என்று நேர்மாறாய்த் தீர்ப்பளித்தார். "உன்னைவிடச் சிறிய பையன் உன்னோடு சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்?" என்பது அத்தகைய வினாக்களில் ஒன்று. திருப்பி அடிக்காமல் விலகவேண்டும் என்று சொன்னால் அறிவாளி. விலகி ஓட இடமில்லாத தெருவிலே வளர்ந்த பிள்ளை உள்ளதைச் சொன்னால், மதிப்பெண் இல்லை.

ஃபுளோரிடா மாநிலத்திலே பிரோவர்டு மாவட்டம், நம் காலத்துச் செய்தி. மீத்திறன் வகுப்புக்குப் பிள்ளைகளை ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைக்கவேண்டும், பின் சோதனை. சோதனையிலே குறைந்தால் வசதியுள்ள பெற்றோர் சும்மா இருப்பதில்லை. பணம் கொடுத்துத் தனியார் உளவியலறிஞரிடம் மறுபடி சோதித்து, சான்றிதழோடு வந்து நிற்பார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஏழைப் பெற்றோர் முறையிடவில்லை. தம் பிள்ளை மறுக்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது. மாவட்டப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும். மூன்றாம் வகுப்பு மீத்திறன் பட்டியலிலோ அவர்கள் நூற்றுக்கு 28தான்.

2005இல் அம்மாவட்டம் ஒரு சிறு மாறுதல் செய்தது. பரிந்துரைக்காகக் காத்திராமல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொல் தேவைப்படாத ஒரு முதல்நிலைத் தேர்வை வைத்தது. அதிலே தேறியவர்களை முழுச் சோதனைக்கு அனுப்பியது. தகுதிக் கோட்டை ஒரு நூலும் இறக்கவில்லை. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற பொருளியலறிஞர் இருவர் விளைவை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். மீத்திறன் பட்டியலிலே இடம் பெறும் வீதம் கறுப்புப் பிள்ளைகளிடையே நூற்றுக்கு 80 ஏறியது. இலத்தீன் அமெரிக்க வழிப் பிள்ளைகளிடையே நூற்றுக்கு 130 ஏறியது. புதிதாய்த் தெரிந்த இந்தப் பிள்ளைகள் அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

2010இல், பொருளாதாரச் சரிவினால் பணமில்லை என்று சொல்லி, மாவட்டம் அந்தப் பொதுத் தேர்வை நிறுத்தியது. பழையபடி ஆசிரியர் கையைக் காட்டினார். பெற்றோரில் தெரிந்தவர் வந்து கேட்டார். பட்டியலிலே பழைய ஏற்றத்தாழ்வு அத்தனையும் திரும்பி வந்து, தன் பழைய இடத்திலே உட்கார்ந்துகொண்டது.